காலிங்பெல் தாண்டாத வார்டு

அலுவலகத்தில் அவளுக்குக் காலிங்பெல் என்று பெயர். அவள் இறந்த அன்று வந்த இரங்கல் செய்தியில்கூட யாரோ பழக்கதோஷத்தில் அந்தப் பெயரையே போட்டுவிட்டு, பிறகு அவசரமாக அழித்தார்கள். அழித்திருக்க வேண்டியதில்லை.

அவள் பார்த்த வேலை இதுதான். நிறுவனங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்து, எங்கள் கணினிகளுக்குள் திருடன் மாதிரி நுழைந்து காட்டுங்கள் என்று கூப்பிடும். பெரிய இடங்களில் நெட்வொர்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து நடுவில் தடுப்பு வைத்திருப்பார்கள். கணக்குப் பிரிவில் புகுந்தவன் அங்கேயே கிடக்கட்டும், வேறு பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது ஏற்பாடு. அந்தத் தடுப்பு நிற்கிறதா என்று பார்ப்பது அவள் பங்கு. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும் கணத்துக்காகத்தான் அவள் அந்த வேலையில் இருந்தாள் என்றே சொல்லலாம். அப்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். டீ ஆறிப்போனது தெரியாமல் குடிப்பாள்.

ஆனால் தாவுவதற்கு முன் போன் செய்வாள். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவரைக் கூப்பிட்டு, "இப்ப வரலாமா?" என்று கேட்பாள். அனுமதிக் கடிதம் பையிலேயே இருக்கும்.

"திருடப் போற வீட்டுல பெல் அடிக்கிறவள எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரன் ஆரம்பித்து வைத்த பெயர் அது.

"நீ செவுரேறிக் குதிச்சுக் கால ஒடிச்சுக்கோ. நான் பெல் அடிச்சிட்டே போறேன்," என்பாள்.

வீட்டில் கணவருக்கு வேறு கேலி. "ஊரான் கதவெல்லாம் தொறக்குற. நம்ம வீட்டுச் சாவிய மட்டும் உள்ளயே வச்சிட்டுப் போயிடுற." மகள் பள்ளியிலிருந்து சாவியோடு வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவளுக்கு உண்டு.

குழுத் தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிட்டுப் போனால் காவல் விழித்துக்கொள்ளும், பிறகு சோதனை எதற்கு என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. யாரோ போன் எடுக்கவில்லை என்று அவள் காத்திருந்ததில் ஏற்கெனவே சில வேலைகள் இழுத்துவிட்டிருந்தன. "இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா உன்ன ரிப்போர்ட் எழுத உக்கார வச்சிருவேன்மா," என்று சொல்லித்தான் அந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே அவளுக்குக் கிடைத்த அறையில் கால் உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அலுவலகப் பகுதிக்குள் நுழைவது காலையிலேயே முடிந்தது. அடுத்தது வார்டுக் கருவிகளின் பகுதி. மருந்தை அளவு பார்த்துச் சொட்டுச் சொட்டாக உடம்பில் ஏற்றும் பம்புகள் அதில் இருந்தன. எல்லாம் பழசு. நெட்வொர்க்கில் யாராவது துழாவினால் திகைத்து நின்றுவிடக்கூடும். அதனால் சோதனை நாளில் அந்த வார்டைக் காலியாக வைத்திருப்பதாக மருத்துவமனை ஒப்புக்கொண்டிருந்தது.

பிற்பகலில் வழி கிடைத்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனின் கணினியில் இரண்டாவதாக ஒரு ஒயர் செருகியிருந்தது. அதனால் அந்தக் கணினிக்கு ஒரு கால் வார்டில், ஒரு கால் அலுவலகத்தில். பாஸ்வேர்டும் இரண்டு பக்கமும் ஒன்றே.

டெக்னீஷியனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பிறகு தலைவரை அழைத்தாள்.

"எடுக்கல சார்."

"லெட்டர்ல அனுமதி இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"வார்டு காலின்னு போட்டிருக்கா இல்லியா?"

"போட்டிருக்கு."

"அப்புறம் என்னம்மா? சாயங்காலத்தோட டைம் முடியுது. உள்ள போ. இல்லேன்னா நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. கட்டளையை அடித்து வைத்திருந்தாள். ஒரு பட்டன்தான் பாக்கி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லேப்டாப்பைப் பூட்டிவிட்டு மாடியேறினாள்.

வார்டு நிறைந்திருந்தது. மேல்தளத்தில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியதால் அங்கிருந்த நோயாளிகளை இங்கே இறக்கியிருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் ஒரு கட்டிலுக்கு அடியில் குனிந்து பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போன எடுக்க மாட்டீங்களா அண்ணே?"

"ரெண்டு கையும் இங்க இருக்கு, போன் எங்க இருக்கோ. நீங்க யாரு?"

"கீழ டெஸ்ட் பண்ண வந்தவ."

அவர் நிமிர்ந்த வேகத்தில் தலை கட்டிலில் இடித்தது. "ஐயையோ, இன்னைக்கா! பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவள் ஒயரைப் பற்றிக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல லீவு எழுதிப் போடுறதுக்குத்தாம்மா. இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் ஆபீஸுக்கு எறங்கணும். ரிப்போர்ட்ல என் பேரு வருமா?"

"பேரு வராது. ஒயர் வரும். மொதல்ல போய் அதப் புடுங்குங்க."

தலைவருக்குத் தகவல் சொன்னாள். "வார்டு காலியில்லேன்னா அது அவங்க தப்பு," என்றார். "நம்ம மேல ஒண்ணும் வந்திருக்காது."

"நம்ம மேல வராது சார். படுத்திருக்கறவங்க மேல வந்திருக்கும்."

"சரி, கெளம்பி வா," என்றார்.

அவர் சொன்ன சொல் மாறாதவர். மறுநாளே அவளை ரிப்போர்ட் எழுத உட்கார வைத்துவிட்டார். மருத்துவமனை வேறு தேதி கொடுத்தது. இந்தத் தடவை வார்டு உண்மையிலேயே காலி. சோதனைக்காக ஒயரை மறுபடி செருகினார்கள். போனவன் பக்கத்து மேசைக்காரன். எந்தக் கணினி, எந்த வழி என்று அவள்தான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

திரும்பி வந்தவன் அவள் மேசையிலேயே ஏறி உட்கார்ந்தான்.

"ஒரே தாவுதான், உள்ள இருந்தேன்!"

"பம்பு?"

"ஒண்ணு நின்னுபோச்சு. திரும்ப ஆன் பண்ண வேண்டியதாயிடுச்சு. மத்ததெல்லாம் ஓடுச்சு."

அவள் அதை டைப் செய்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "தாவுனப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். முதலில் பதில் வராமல் திரை அப்படியே நின்றதாம். போச்சு என்று நினைத்த நேரத்தில் பம்புகள் ஒவ்வொன்றாக வரிசைகட்டி வந்தனவாம். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். அவன் எழுந்து போனதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அலுவலகப் பகுதியிலிருந்து வார்டுப் பகுதிக்குச் செல்ல முடிந்தது என்று எழுதினாள்.