மங்கிய மான்

எழுபதுகளில் பதுளையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவுக்கு வருடம் ஒருமுறை ஒரு பேராசிரியர் வருவார். வெயிலில் கருத்த, மெலிந்த மனிதர். மொனராகலைப் பக்கத்துக் குகையொன்றில் ஆதிமனிதர் காவியால் தீட்டிய மானைப் படம்பிடித்து வந்து, கழுவி முடியும்வரை வாசலிலேயே நிற்பார். வியர்க்கும் கைகளைக் கைக்குட்டையால் மறுபடி மறுபடி துடைத்த பிறகே படத்தைத் தொடுவார். தான் முதன்முதலில் எடுத்த படத்தோடு அதை ஒப்பிடுவார். மான் வருடா வருடம் மங்கிக்கொண்டே வந்தது.

"பழைய படம் மட்டும் எப்படி சேர் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாறையில தண்ணி ஊத்தி எடுத்தேன் தம்பி. ஈரத்துல நிறம் எடுப்பாத் தெரியும். பாலைவனத்துப் பாறை ஓவியங்கள ஆராய்ச்சி பண்ணினப்ப வந்த பழக்கம். எனக்குப் பதவி வாங்கித் தந்ததே அந்தப் படந்தான். அந்தத் தண்ணியாலதான் மான் அழியுதோன்னு பயமா இருக்கு."

அடுத்த வருடம் மனம் கேட்காமல், மானைச் சற்று அழுத்தமாகவே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

"இந்த வருஷம் மங்கலையே தம்பி!" கைக்குட்டையை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் அவர் வரவேயில்லை. அந்தப் படத்தை நம்பி எந்தக் கட்டுரையில் என்ன எழுதினாரோ என்று நினைக்கும்போது, இப்போது எனக்குக் கை வியர்க்கிறது.