கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த மெட்டு

அண்ணையின் கீபோர்ட்டில் நடுவிலே ஒரு கறுப்புக் கட்டை ஊமை. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. புதிது வாங்கச் சொன்னால், "அது பேசாட்டி என்ன தம்பி, சுத்திப் போகலாம்தானே" என்பார். எனக்குக் கூடப்பிறந்தவரல்ல, ஊருக்கே அவர் அண்ணை. நெடுங்கேணியில் தகரம் போட்ட அறையொன்றில், வெளிச்சத்தம் அடங்க முட்டை மட்டைகள் ஒட்டிய சுவர்களுக்குள் இருந்துதான் அவர் பாட்டெழுதினார், மெட்டமைத்தார், எங்கள் பக்கத்துக் குறும்படங்களுக்கெல்லாம் பின்னணி இசையும் கொடுத்தார். உழவு மெஷின் போனால் பதிவை நிறுத்திவிட்டு, அது சந்தி தாண்டும்வரை காத்திருப்பார். மழை வந்தால் அன்று வேலையே இல்லை. அவருடைய மெட்டுகள் எல்லாமே அந்த ஒரு சுரத்தை விலக்கிக்கொண்டுதான் போகும்.

நான் எடுத்த முதல் குறும்படத்துக்கும் அவர்தான் இசை. தாய் ஒருத்தி வாய்க்கால் வரம்பால் தனியே நடந்துவரும் காட்சிக்கு அவர் போட்ட மெட்டு, படத்தைவிட வேகமாக ஊரெல்லாம் போனது. கலியாணவீட்டுக்காரர், கோயில்காரர், முன்பள்ளி ரீச்சர் என்று பென்டிரைவோடு வந்த எவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

போன வருடம் அவருடைய காணொளிப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. வெளிநாட்டு நிறுவனமொன்று அந்த மெட்டைத் தன்னுடையதென்று பதிந்திருந்தது. அண்ணைதான் திருடராம். தகுந்த பதில் தராவிட்டால் பக்கம் முழுவதும் அழிக்கப்படும். கணினி வெள்ளத்தில் போனபிறகு, அவருடைய இத்தனை வருட வேலையும் மிஞ்சியிருந்தது அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

முரசுமோட்டையில் நெல் விதைக்கும் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். அதை நம்பி என்னைக் கூப்பிட்டார். படிவத்தில் 'உரிமைச் சான்று' என்ற இடம் வந்ததும், தேத்தண்ணியோடு வந்த அக்கா, அவருடைய மனைவி, சிரித்தார். "இவர் எதைப் பதிஞ்சவர்? எங்கட மூத்தவளின்ர பிறப்பையே நான்தான் கந்தோருக்கு அலைஞ்சு பதிஞ்சனான்."

ஊமைக் கட்டையைச் சான்றாக எழுதலாமென்று பார்த்தேன். அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. இந்த மெட்டைப் பிறர் பயன்படுத்த எப்போதாவது கொடுத்ததுண்டா என்று அடுத்த கேள்வி. வாசித்துச் சொன்னேன்.

"ஓம், கேட்டவைக்கெல்லாம் குடுத்தனான்."

"இல்லையெண்டு போடுவமோ, அண்ணை?"

"பொய் போடாதையுங்கோ தம்பி. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

'ஆம்' என்று போட்டேன். எல்லாருக்கும் கொடுத்த மெட்டுக்குத் தனியுரிமை கோர முடியாதென்று மூன்றாம் நாள் எங்கள் பதில் நிராகரிக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் பக்கமே இல்லை. நான் ஐந்து தடவை எழுதினேன். ஐந்து தடவையும் ஒரே கடிதம் திரும்பி வந்தது. கீழே ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. என்னுடைய படிப்பு அந்த ஒரு சொல்லைப் போடுவதற்குத்தான் உதவியது என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

சென்ற கிழமை அண்ணை சைக்கிளில் புளியங்குளம் வந்து, பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். புதிதாகப் படம் எடுக்கும் பொடியன் ஒருவனுக்கு அந்த மெட்டுத்தான் வேண்டுமாம்.

"அந்த நிறுவனக்காரரிட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ தம்பி. பிறகு அந்தப் பொடியனுக்குக் கரைச்சல் வரப்படாது."

"அண்ணை, அது உங்கட மெட்டு."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதே."

எழுதினேன். 'தங்களுக்குச் சொந்தமான மெட்டொன்றைப் பயன்படுத்துவதற்கு' என்று, இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில். தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். கடைசிவரை கேட்டார்.

"வடிவா எழுதியிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.