பக்கெட்டுக்கு எர்த் கொடுத்த கதை

கார் எலக்ட்ரீஷியன் வேலையில் ஒரு பெரிய வசதி, வண்டி நடுவழியில் நின்றால் நாலு பேரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் இருபது வருஷமாக மந்தைவெளியில் என் கடை ஓடுகிறது. பழைய கார், பழைய ஸ்கூட்டர், பழைய இன்வெர்ட்டர் என்று எதையாவது ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் ஒயர்க் குப்பையைப் பார்த்து அப்படியே மறுபடி மூடியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

வண்டி கரையில் நிற்கிறது

ஒருநாள் காலை அந்தோணி என்று ஒருவர் கடைக்கு வந்தார். "அண்ணே, செகண்ட்ஹேண்டுல ஒண்ணு எடுத்துக்கீறேன். கரண்டு வேலை ஒண்ணும் புரியல. ஒரு தபா வந்து பாரேன்" என்றார். ஏதோ வேன் என்று நினைத்து, டூல் பையைத் தூக்கிக்கொண்டு அவர் ஸ்கூட்டரில் ஏறினேன். ஸ்கூட்டர் பட்டினப்பாக்கம் மீன் கடைகளைத் தாண்டி மணலில் போய் நின்றது. எதிரே நீல பெயின்ட் அடித்த ஃபைபர் படகு. சாவி போட்டு ஸ்டார்ட் செய்கிற டீசல் எஞ்சின், இரண்டு பேட்டரி, விளக்குகள், ஜிபிஎஸ், வயர்லெஸ், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்க ஒரு குட்டி மோட்டார். எனக்குப் படகெல்லாம் தெரியாதுங்க என்று நைசாக நழுவப் பார்த்தேன்.

அதற்குள் அவர் மனைவி ஸ்டெல்லா தன் மீன் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். போன வருஷம் அந்தோணி, மச்சானின் படகில் போனபோது கடலில் பேட்டரி இறங்கி எஞ்சின், விளக்கு, வயர்லெஸ் எல்லாம் ஒன்றாக அடங்கிவிட்டதாம். மறுநாள் மத்தியானம் வேறொரு படகு பார்த்து இழுத்து வரும்வரை, ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே கரையில் யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார். கடைசியில் ஒரே கண்டிஷன் போட்டார்: "எஞ்சின் ஓடுதோ நிக்குதோ, அது அப்பால. இந்தாளு எங்க கீறாருன்னு எனக்குத் தெரியணும். அத்த மட்டும் செஞ்சு குடுண்ணே. அதுவரிக்கும் இது தண்ணில எறங்காது."

முதல் நாள், முதல் அசடு

தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் ஆரம்பித்தேன். காரில் விளக்கோ ஹாரனோ எதுவானாலும் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் போனால் போதும். கரண்ட் திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்பே வழி. பாடி எர்த் என்போம். இருபது வருஷப் பழக்கம், கை தானாகவே போயிற்று. மோட்டாரின் ஒரு ஒயரைப் பேட்டரிக்குக் கொடுத்தேன். இன்னொன்றைப் படகின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, அதில் கட்டினேன். மோட்டார் அசையவில்லை. ஃபியூஸை மாற்றினேன். ஸ்க்ரூவைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். மோட்டார் செத்துப்போச்சு, புதுசு வாங்கணும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அந்தோணி பக்கத்தில் வலை தைத்துக்கொண்டு அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் எழுந்து வந்து, யாருக்கும் கேட்காதபடி என் காதருகில் குனிந்துதான் சொன்னார். இன்றுவரை அதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். அவர் சொன்னது இதுதான்: "கோச்சிக்காதண்ணே. இது பிளாஸ்டிக் பக்கெட்டு மாரி. பக்கெட்டுல எங்கண்ணே எர்த்து வரும்?"

ஹாரன் இல்லாத மாமா

ஒவ்வொன்றுக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று கிட்டத்தட்ட முழுப் படகையும் புதிதாக இழுக்க வேண்டியதாயிற்று. கடைப் பக்கம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. தெற்கு மாட வீதியிலிருந்து மணி மாமா தினமும் போன் செய்வார். அவருடைய பழைய காருக்கு ஹாரன் வேலை செய்யவில்லை. சாயங்காலம் மயிலாப்பூரில் ஹாரன் இல்லாமல் கார் ஓட்டுவதென்பது எப்படிப்பட்ட தவம் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஏழாவது நாள் இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தபடியே, விஷயத்தை உள்ளபடி சொன்னேன்.

மாமா சொன்னார்: "என் கார் ஆத்து வாசல்ல சும்மா நின்னுண்டிருக்கு, நிக்கட்டும். அவனுக்குச் சமுத்திரத்துல நின்னா யார் வருவா? அதை நன்னா முடிச்சுட்டு அப்புறமா இங்க வா. பேட்டரி டெர்மினல்ல எல்லாம் வாசலின் தடவு, உப்புக் காத்து."

நூல் துணுக்கு

பழைய ஒயர்களில் எஞ்சின் பக்கம் போகிற ஒரு கட்டு மட்டும் நல்ல நிலைமையில் இருந்தது. ஆனால் அத்தனையும் கறுப்பு. எது எதற்குப் போகிறது என்று அடையாளமே இல்லை. இந்த வேலையைச் செய்த மகானுபாவன் யாரோ என்று முகம் தெரியாத அந்த ஆளை வாய்விட்டே திட்டினேன். நீங்களும் இப்படி ஒருவரைத் திட்டியிருப்பீர்கள்; நமக்கு முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டாமல் எந்த ரிப்பேரும் தொடங்குவதில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் வலை நூல் வேறு சுற்றிக்கிடந்தது. குப்பை என்று கட்டரால் நறுக்கி எறிந்துகொண்டே போனேன்.

நாலாவதை நறுக்கியதும் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஒயரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். நூலில் ஐந்து முடிச்சு. அதற்கடுத்ததில் ஆறு. நான் எறிந்த நூல்களை மணலில் தேடி எடுத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சரியாக இருந்தது. நூல் போன நாலு ஒயரும் எது எதற்குப் போகிறது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு முழுநாள் ஆயிற்று. அந்தோணி திரும்ப முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் இழுத்த புது ஒயர்களுக்கும் அதேபோல் போடச் சொன்னேன். சிவப்பு, பச்சை என்று அழகாகக் கலர் கலராகத்தானே போட்டிருக்கிறேன் என்று என் பெருமையையும் விடாமல் சொல்லிப் பார்த்தேன். அவர் நூலை இழுத்துக்கொண்டே சொன்னார்: "கலரு பகல்லதாண்ணே தெரியும். இத்தப் போட்டவன் கடலுக்குப் போனவன்."

இரண்டு பேட்டரி எதற்கு?

பேட்டரிகளுக்கு நடுவே ஒரு திருகு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் முதல் பேட்டரி, இன்னொரு பக்கம் திருப்பினால் இரண்டாவது, நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து. எப்படி வைக்கணும் என்று அந்தோணி கேட்டார். இரண்டும் சேர்ந்தால் பவர் அதிகம்தானே, நடுவிலேயே வையுங்கள் என்றேன். அவரும் அப்படியே வைத்துவிட்டு, விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாவற்றையும் ராத்திரி வெகுநேரம் ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டிக் என்றுகூடச் சத்தமில்லை. இரண்டு பேட்டரியும் காலி.

போன வருஷம் அந்த மச்சான் படகில் என்ன நடந்ததோ, அதையே இந்தப் படகிலும் நடக்கும்படி செய்துவைத்திருக்கிறேன். மணலில் இருந்ததால் தப்பித்தோம். ஸ்டெல்லா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. மீன் வெட்டிய கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணா தீந்துபோறதுக்கு, எதுக்குண்ணே ரெண்டு?"

வெள்ளோட்டம்

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் படகே புரிந்தது. சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். ஒரு பேட்டரி எஞ்சினுக்கு மட்டும். இன்னொன்று விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ், மோட்டாருக்கு. ஒன்று படுத்தாலும் மற்றது எழுந்து நிற்கும். வேலை முடிந்தது என்று பையை மூடியபோதுதான் ஸ்டெல்லா சொன்னார், படகில் கை வைத்தவர் முதல் தபா கூடப் போகவேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்று. எனக்கு நீச்சல் தெரியாது. மணலிலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன்.

சாந்தோம் சர்ச் கோபுரம் விரல் அளவுக்குச் சின்னதான இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, சோதித்துப் பார்க்க மறுபடி சாவியைத் திருப்பினார் அந்தோணி. சத்தமே இல்லை. நான் டூல் பையை இழுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் தவழ்ந்தேன். அந்தோணி பதறாமல் வயர்லெஸ்ஸை எடுத்தார். விளக்கு எரிந்தது. கரையில் கை வயர்லெஸ்ஸோடு நின்ற ஸ்டெல்லாவின் குரல் பளிச்சென்று வந்தது. அந்தோணி, படகு இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு, "அண்ணன் வாந்தி எடுத்துக்கினே நட்டு முறுக்கிக்கினு கீறாரு" என்றும் சொன்னார். உண்மைதான். காருக்குப் போடுகிற சாதாரண நட்டை எஞ்சின் பேட்டரியில் போட்டிருந்தேன், அலை அடித்த அடியில் அது கழன்றிருந்தது. கழன்று விழாத நட்டைப் பையில் தேடி எடுத்து மாட்ட இருபது நிமிஷம். எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது நான் படகின் தரையில் படுத்திருந்தேன்.

கரையில் இறங்கி ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், மன்னிச்சுடும்மா, நின்னுபோச்சு என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். சோடா பாட்டிலை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "நின்னுபோச்சுன்னு அவரு வாயாலேயே எனக்குச் சொன்னாருல்ல? அது போதும்ணே. நாளிக்கு எறங்கட்டும்."

இத்தனை வருஷத்தில் நான் ஓட வைத்த வண்டிகளுக்கெல்லாம் ரசீதுதான் கேட்டார்கள், நின்றுபோன ஒன்றுக்கு மட்டும் வாராவாரம் வீட்டுக்குச் சங்கரா மீன் வந்துகொண்டிருக்கிறது.