நிரை பிரித்துக் கொடுத்த கோச்

மாலைதீவில் தன் புருஷன் துஷாந்த் உண்மையிலேயே கால்பந்துக் கோச்தானா? ஜீவராணிக்கு அது இப்போதே தெரிந்தாக வேண்டும். மாதம் முடிவதற்குள் தேயிலைத் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டான். பேரை வெட்டினால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சொன்னது பொய்யென்றால் திரும்பி வந்து எங்கே நிற்பது?

டிக்கோயாத் தோட்டங்களில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரே வருடத்தில் பத்தொன்பது கோல் அடித்தவன். ஆனால் காலில் பந்து கிடைத்துவிட்டால் பெற்றவள் கேட்டாலும் கொடுக்கமாட்டான். கொழும்புக் கிளப் ஒன்று அழைத்தது. இரண்டாம் வருடமே முழங்கால் போனது. அந்தக் காலோடுதான் மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கப் போனான். மூன்றே வருடத்தில் தீவு அணிக்குக் கோச் ஆகிவிட்டானாம்!

"பந்த அடுத்தவனுக்குக் குடுக்கத் தெரியாத மனுசன் கோச்சா? பந்து பொறுக்கிப் போடுற வேலையா இருக்கும்டி," என்றாள் கூடக் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா.

"போங்கக்கா," என்று ஜீவராணி சிரித்தாள். நெஞ்சு மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிறு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் வீடியோவில் அழைத்தாள். துஷாந்தின் போனைக் காலில் கட்டுப்போட்ட ஆட்டக்காரன் ஒருவன் எடுத்தான். கோச்சைத்தான் தேடுகிறாள் என்று புரிந்து, போனை மைதானத்தின் பக்கம் திருப்பினான்.

மணலில் கயிறு பிடித்து இழுத்த நீளக் கோடுகள். பதினொரு பேர் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே, பேர் எழுதிய கொப்பியோடு துஷாந்த். பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டைக் காட்டுகிறான்.

அட, பெரட்டு! காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுக்கிற அதே பெரட்டு!

"அவன் நிரைக்குள்ள ஏன்டா போற? கொழுந்த... ச்சே, பந்த அவன்கிட்ட குடு!" கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ்தான்.

"நிரை! நிரை!" என்று கத்திக்கொண்டே அவர்கள் ஓடினார்கள். பந்து ஒருவன் காலிலும் தங்கவில்லை.

போன் அவன் கைக்கு வந்ததும் கேட்டாள்: "என்னாங்க, பந்து குடுக்க எங்க படிச்சீங்க?"

அவன் முகம் மாறியது. "முழங்கால் போயி ஓரமா உக்காந்தேன்ல, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல ஜீவா. அப்பதான் ஒன்னய நெனச்சேன். பேச்சியம்மாக்கா கூடை நெறையலன்னா ஒன் கொழுந்த அள்ளிப் போடுவியே. அத நான் ஒரு நாளும் செஞ்சதில்ல."

அவள் கண்ணீர் போன்மீது சொட்டியது.

மறுநாள் பெரட்டில் கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டபோது பதில் சொன்னது பேச்சியம்மா.

"அவ ஆபீசுக்குப் போயிருக்காய்யா, பேரு வெட்ட."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.