வேனுக்கும் ரேஞ்சுக்கும் ஒரே கண்ணாடி

1. முதல் புகார்

திங்கட்கிழமை காலை. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தனலெட்சுமி உள்ளே வந்து கண்ணாடிப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, ரோட்டுல இது நல்ல கண்ணாடி. ரேஞ்சுக்குப் போனா இது கண்ணாடியே இல்ல."

கோல சிலாங்கூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓப்டிஷியனாக வேலை பார்த்தேன். மங்கலாகத் தெரிகிறது, தலை சுற்றுகிறது, காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்பது போன்ற புகார்களுக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. ஒரே ஆள், ஒரே கண், ஒரே கண்ணாடி. ஓரிடத்தில் சரி, இன்னோர் இடத்தில் தவறு. அதை அவிழ்க்க எனக்கு ஏழு வாரம் ஆனது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தனலெட்சுமிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தஞ்சோங் காராங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேரை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாங் பெச்சாவைத் தாண்டி இருக்கும் ஒரு துப்பாக்கி கிளப்பின் ரேஞ்சுக்குப் போய், இயந்திரம் வீசும் களிமண் தட்டுகளைச் சுடுவார். சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவர்களை அங்கே வேனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருந்தவர் அவர். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு தடவ சுட்டுப் பாருங்களேன்" என்று பயிற்சியாளர் கிளப் துப்பாக்கியைக் கையில் கொடுத்திருக்கிறார். மாணவர்கள் போய்விட்டார்கள், இவர் தங்கிவிட்டார். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. பதினெட்டு, பத்தொன்பது உடைப்பார்.

அவருக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் மூன்றரை, அதோடு ஒரு கோணத்தில் மட்டும் சேரும் சிலிண்டர் பவர் கொஞ்சம். முகத்தில் பாதியை மறைக்கும் பழைய பெரிய கண்ணாடி ஒன்றைத்தான் பல வருடங்களாகப் போட்டிருந்தார். வேனில் ஒரு பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டது. அதனால் அந்தத் திங்கட்கிழமைக்குச் சில வாரம் முன்பு புதிது செய்ய வந்தார். பவரோடு ஒரு கறுப்புக் கண்ணாடி வேண்டும், வேனுக்கும் ஆகணும் ரேஞ்சுக்கும் ஆகணும் என்றார்.

"ரெண்டா வாங்கணுமாண்ணே?"

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதும்" என்றேன்.

அந்தப் பதிலைச் சொன்னது நான்தான். வளைந்த, சிறிய ஸ்போர்ட்ஸ் ஃபிரேம். தட்டுத் துண்டு தெறித்தால் உடையாமலிருக்க பாலிகார்பனேட் லென்ஸ். வேன் போகும் பாதையோர வயலில் தேங்கிய தண்ணீரின் கண்கூச்சத்தை வெட்டுவதற்குப் பழுப்பு நிறப் போலரைஸ்டு. எல்லாம் என் தேர்வு. பார்க்கவும் அழகாக இருந்தது.

2. சாயம்

"ரேஞ்சுல என்ன ஆகுது, சரியா சொல்லுங்க" என்று கேட்டேன்.

"தட்டு வருது. ஆனா வர்ற இடத்துல இல்ல."

"மங்கலா இருக்கா?"

"மங்கலும்தான். ஆனா மங்கல் இல்ல. எப்படி சொல்றதுன்னு தெரியலண்ணே. போன வாரம் ஏழுதான் ஒடச்சேன்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மங்கல், ஆனால் மங்கல் இல்லை. ஏழு.

ஆரஞ்சு நிறத் தட்டு. பின்னால் கரும்பச்சை மரங்கள். லென்ஸ் அதிகம் இருட்டாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த ஊகத்தில் நியாயம் இருந்தது. வெயிலுக்கு ஏற்ற இருட்டு, மர நிழலில் கூடுதலாகிவிடும். வெளிர்ச் சாயத்தில் வேறு லென்ஸ் செய்து தரச் சொல்லி கோலாலம்பூர் லேபுக்கு எழுதினேன். வந்து சேர இரண்டு வாரம். மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வந்தார்.

"இப்ப தட்டு பளிச்சுன்னு இருக்கு. பளிச்சுன்னு தப்பிச்சிப் போவுது."

முதலாளி ஹனிஃபா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். "செல்வம், சுடத் தெரியாம கண்ணாடிய குத்தம் சொல்றாங்களோ?"

தனலெட்சுமி அவர் பக்கம் திரும்பினார். "போன மாசம் வரைக்கும் சுடத் தெரிஞ்சுதுலா முதலாளி. ஒங்க கண்ணாடி போட்ட பொறகுதான் மறந்துபோச்சு."

முதலாளி மறுபடியும் கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

3. பவர்

லென்ஸை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பவர் சரி. சிலிண்டர் சரி. அதன் கோணம் சரி. இரண்டு லென்ஸின் நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரம், அவர் கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு அரை மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடியும் கண்ணைச் சோதித்தேன். புதுக் கண்ணாடியோடு எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பிசகில்லாமல் வாசித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

"சரின்னா ஏன் படல?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. "கொஞ்சம் பழகணும்" என்றேன். காரணம் தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

4. சாவி

மூன்றாம் முறை வந்தபோது அவர் கையில் கண்ணாடிப் பெட்டி இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வேன் சாவிய கொழுந்தனாருகிட்ட குடுத்துட்டேன்."

"ஏன்? ரோட்டுல நல்லாத் தெரியுதுன்னுதானே சொன்னீங்க?"

"தெரியுறதாதான் நெனச்சிக்கிட்டிருக்கேன். ரேஞ்சுலயும் தெரியுதுன்னுதான் நெனச்சேன். பறக்கிற தட்டு தெரியாதவளுக்கு, லயத்து வீட்டுலேருந்து குறுக்க ஓடியார்ற புள்ள தெரியுமா? ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாருகிட்டண்ணே பதில் சொல்லுவேன்?"

தெரியும், தைரியமாக ஓட்டுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அவர் கண்ணிலேயே ஏதோ நோய் ஆரம்பிக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கும் வந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு முறை வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. டாக்டரின் பதில் ஆறு வரி. விழித்திரை நன்றாக இருக்கிறது, கண் அழுத்தம் நன்றாக இருக்கிறது, பக்கப்பார்வை முழுதாக இருக்கிறது, வேன் ஓட்டத் தடையில்லை.

நல்ல செய்தி என்று நினைத்து வாசித்துக் காட்டினேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. அப்ப ஆறு, ஏழுன்னு வருதே, அது என்னா? கண்டுபிடிக்க முடியாத வியாதியா?"

"வேன எடுத்து ஓட்டுங்க. டாக்டரே சொல்லிட்டாரே."

"அவரு இருட்டு ரூம்ல பாத்தாரு. நான் ரோட்டுல ஓட்டணும்." எழுந்துகொண்டார். "புள்ளைங்க வேற நச்சரிக்குதுங்க. முருகையா வேன்ல பாட்டே போட மாட்டேங்குறாராம். போக வர நியூஸ்தானாம்."

கொழுந்தனாரின் பெயர் முருகையா.

5. ரேஞ்ச்

கடையில் உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை என்று ஒரு ஞாயிறு நானே கிளம்பினேன். அவர் ஓட்ட மறுத்ததால் என் காடியில் போனோம். வழியெல்லாம் முன்னால் போகும் லோரிகளின் நம்பர் பிளேட்டைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். தன்னையே சோதித்துக்கொள்கிறார் என்பது புரிந்தது. ஒவ்வொன்றையும் எனக்கு முன்பே வாசித்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. என் குழப்பம் இன்னும் கூடியது.

ரேஞ்சில் ஒரு மஞ்சள் கோடு. சுடுபவரைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. பயிற்சியாளர், அடுத்து சுட இருப்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், நான், எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். தனலெட்சுமி குரல் கொடுத்ததும் தட்டு பறந்தது. சுட்டார். படவில்லை. அடுத்தது. படவில்லை.

நான் எழுதிக்கொண்டேன். வெயில் இடப்பக்கம். காற்று இல்லை. தட்டு ஆரஞ்சு. நான் பார்த்தது அவருடைய கொண்டை, முதுகு, வலது தோள். இருபத்தைந்தில் ஆறு.

"நிக்கிறதுல, தூக்குறதுல ஒண்ணும் மாறல. நானும் மண்டைய ஒடச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் பயிற்சியாளர்.

திரும்பி வரும்போது தனலெட்சுமி எந்த நம்பர் பிளேட்டையும் வாசிக்கவில்லை.

6. சட்டர் கம்பி

புதன்கிழமை மதியம், கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட வந்தார். பணம் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம் என்றார்.

"கடைசியா ஒண்ணு. துப்பாக்கிய எப்படிப் பிடிப்பீங்கன்னு காட்டுங்க" என்றேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கேட்க வேறு எதுவும் மீதியில்லை, அவ்வளவுதான்.

"அதான் ஞாயித்துக்கெழம பாத்தீங்களே."

"மறுபடி காட்டுங்க."

கதவோரம் சட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி சாத்தியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பியை எடுத்தார். கொஞ்சம் கோபத்தோடுதான் எடுத்தார். தோளில் வைத்தார். நான் மேசைக்குப் பின்னால் நின்றிருந்ததால் கொக்கி நேராக என் முகத்துக்கு வந்தது.

"யம்மா, அவர சுட்டுப்புடாதீங்க. ஸ்டாக் எடுக்க வேற ஆளில்ல" என்றார் முதலாளி.

நான் சிரிக்கவில்லை. கம்பியில் கன்னத்தைப் பதிக்கும்போது அவர் தலை முன்னால் சாய்ந்து ஒரு பக்கம் திரும்பியது. வலது கண், லென்ஸின் நடுவில் இல்லை. மூக்கோரமாக, மேல் மூலைக்குப் போயிருந்தது. ஃபிரேமின் மேல் விளிம்பு கருவிழியை ஒட்டிக் குறுக்கே ஓடியது.

"அசையாதீங்க."

மார்க்கர் பேனாவால் கருவிழிக்கு நேராக லென்ஸில் ஒரு புள்ளி வைத்தேன். "இப்ப கம்பிய எறக்குங்க. நேரா பாருங்க."

நிமிர்ந்தார். புள்ளி மூலையில் இருந்தது. கண் நடுவில் இருந்தது. ஸ்கேலால் அளந்தேன். பதினோரு மில்லிமீட்டர்.

மைனஸ் லென்ஸில் நடுப்புள்ளி வழியாகப் பார்த்தால் பொருள் இருந்த இடத்தில் இருக்கும். நடுவைவிட்டு விலகிப் பார்த்தால் இடம் நகர்ந்து தெரியும். பவர் கூடக்கூட அதிகம் நகரும். வளைந்த ஃபிரேமில் மூலை மங்கவும் செய்யும். வர்ற இடத்துல இல்ல. மங்கல், ஆனா மங்கல் இல்ல. முதல் நாளே அவர் இரண்டையும் சொல்லிவிட்டார். பழைய கண்ணாடி பெரியது, உயரமாகவும் உட்கார்ந்திருந்தது. அதனால் மூலைவரை கண் போகவில்லை. வேனில் தலை நேராக இருக்கும், கண் நடுவில் இருக்கும். அங்கே புதுக் கண்ணாடியிலும் குறையில்லை.

அவரை நான் அளந்தது நாற்காலியில். நேராக என்னைப் பார்க்கச் சொல்லி. எல்லாரையும் அதுவரை அப்படித்தான் அளந்திருந்தேன். ரேஞ்சில் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது. சுடுபவருக்கு எதிரே அங்கே எவரும் நிற்பதில்லை.

"தப்பு என்னோடது. ஒங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நான் அளந்த விதம் தப்பு. ரேஞ்சுக்கு வேற ஃபிரேம், வேற சென்டர் வேணும். ஒண்ணு போதும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

தனலெட்சுமி கம்பியைப் பிடித்தபடியே நின்றார். "அப்ப ரோட்டுல?"

"ரோட்டுல மொத நாள்லேருந்தே சரியாத்தான் தெரிஞ்சிருக்கு."

கம்பியை மறுபடியும் தோளில் வைத்தார். இறக்கினார். திரும்ப வைத்தார். கடை முகப்புக் கண்ணாடியில் தன் முகத்தையும் அந்தப் புள்ளியையும் பார்த்துக்கொண்டார். மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் கம்பியைச் சுவரில் சாத்தினார். கைப்பேசியை எடுத்து, என் எதிரிலேயே பேசினார்.

"முருகையா, சாயந்தரம் சாவியக் கொண்டாந்து குடுங்க. நாளைக்கு நான்தான் ஓட்டுறேன். என்னாது? கண்ணா? கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடிக் கடக்காரருக்குத்தான் சரியா தெரியல."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். நான் ஆர்டர் புத்தகத்தை எடுத்தேன்.

7. ஆர்டர் தாளில் ஒரு வரி

ரேஞ்சுக்குத் தனியாக, மூக்கின்மேல் உயர்ந்து உட்காரும் பெரிய ஃபிரேமில் செய்தோம். நடுப்புள்ளி, அவர் கம்பியைப் பிடித்தபோது நான் வைத்த புள்ளியில். பச்சை மரத்துக்கு முன்னால் ஆரஞ்சு எடுத்துக் காட்டும்படி லேசான ஊதா கலந்த சாயம். அதைப் போட்டுக்கொண்டு வேன் ஓட்டக் கூடாது என்று பெட்டிமேல் எழுதி ஒட்டினேன். முதல் ஞாயிறு பதினேழு உடைத்தார். மீதி எட்டும் உங்கள் கணக்குதான் என்று செய்தி அனுப்பினார்.

அதன் பிறகு ஆர்டர் தாளில் பவருக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: செய்து காட்டினாரா? பாசிர் பெனம்பாங்கில் மீன் பிரிக்கும் அம்மாவைத் தரையில் குந்தச் சொன்னேன். லோரி ஓட்டுபவரை உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து, தாழ்வாக இருக்கும் சைடு கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். சிலர் கூச்சப்பட்டார்கள். சிலர் கடைக்கு வெளியே நின்று சிரித்தார்கள். பெரும்பாலோரின் கண் நான் நினைத்த இடத்தில் இல்லை.

இப்போது கடையின் சட்டர் மோட்டாரில் ஓடுகிறது. அந்தக் கம்பியை முதலாளி தூக்கிப் போடவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. என் இடத்துக்கு வந்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. வருபவரை உடனே நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். அவர் செய்யும் வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போய் அவருக்கு எதிரே நில்லுங்கள்.