பத்துக்கு மேல் திருகாதவர்

“இங்க படிக்க வந்தீங்களா, பேச வந்தீங்களா?”

முப்பத்து நாலு வருடம் இதையே கேட்டார் மனிதர். நூலகத்து வாசிப்பு அறையில், வாசலை ஒட்டிப் போட்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, உதடு அசைவதே தெரியாமல், வெறும் காற்றை மட்டும் செலவழித்துக் கேட்டார். கேள்விக்கு முன்னால் ஓர் ‘உஷ்’, பின்னால் ஓர் ‘உஷ்’. நாற்காலி இழுபட்டால் உஷ். தும்மினால் உஷ். தும்மியவர் மன்னிப்புக் கேட்டால் அதற்கும் ஓர் உஷ். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது மூன்றாவது அடியிலேயே திரும்பி அதை முறைப்பார். ஊருக்கே அவர் உஷ் சார்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று அவரையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினார். முன் வரிசை கைதட்டியது. பேச்சு முடிந்துவிட்டதா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று பின் வரிசைக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்கு அப்புறம்தான் வீட்டில் உட்கார நேர்ந்தது.

வீடு என்றால் அரை வீடு. அப்பா கட்டிய வீட்டை, அவர் போன பிறகு, கூடத்துக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். நாலு கதவு ஜன்னலில் இரண்டு கதவு தம்பியான இவருக்கு, இரண்டு கதவு அக்காவுக்கு. தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா செய்துகொண்டு, மாமாவைப் பறிகொடுத்து, அந்தப் பக்கம் தனியாக இருந்தாள்.

அந்தச் சுவருக்கென்று ஒரு பாஷை இருந்தது. ஒரே ஒரு சொல் உள்ள பாஷை. டொக், டொக், டொக். அக்கா டிவியைச் சத்தமாக வைத்தால் இவர் மூன்று தட்டு தட்டுவார். ‘குறை’ என்று அர்த்தம். அவள் குறைப்பாள். பத்து நிமிஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவாள். மறுபடி டொக், டொக், டொக். பத்துப் பதினைந்து வருடம் இப்படியே ஓடியது.

மாமா போய் ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு. டிவியில் எவளோ சிரிக்கிறாள் என்று இவர் தட்டினார். சிரித்தது டிவி இல்லை, அக்கா. மாமா போனதற்கு அப்புறம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள்.

வாசலில் வந்து நின்றாள்.

“இனிமே இந்தச் சுவத்துல என் சத்தம் கேட்டா, நான் உனக்கு அக்கா இல்லடா.”

சொன்னவள் சொன்னபடி நடந்தாள். விசில் அடிக்கும் என்று குக்கரை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். மிக்ஸியை நீள ஒயரோடு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அரைத்தாள். சமையல் மேடையில் துண்டு விரித்து, அதன்மேல்தான் பாத்திரம் வைப்பாள். டிவிக்குக் காதில் ஒயர். முட்டி வலிக்காரி, எழுந்திருக்கும்போது ஊரே கேட்கிற மாதிரி ஒரு ‘அம்மாடி’ போடுவாள், அதுகூட நின்றுபோனது. தெருவில் எதிரே வந்தால் இவர் இருக்கிற இடத்தில் ஒரு மின்கம்பம் நிற்பதுபோல் ஒதுங்கிப் போவாள்.

முதல் வாரம் இவருக்குப் பரம நிம்மதி. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை எப்படியோ ஓடியது. ஓய்வு பெற்ற எட்டு மாதத்தில்தான் அந்த நிசப்தம் ஆளை உட்கார வைத்துத் தின்றது. சமையலறைக் குழாய் சொட்டியது. ஆள் கூப்பிட்டுச் சரி செய்யவில்லை. வீட்டில் பேச்சுக் கொடுப்பது அது ஒன்றுதான். பழகிய இடமாயிற்றே என்று நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். எல்லார் காதிலும் ஒயர், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உஷ் சொல்லக்கூட நாதியில்லாமல் திரும்பி வந்தார்.

நேரே போய் அக்கா கதவைத் தட்டி, ‘தப்புதான்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தட்டத் தெரிந்தது சுவரை மட்டும்தான். அந்தத் தட்டுக்கும் ‘குறை’ என்றுதான் அர்த்தம். குறைப்பதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நாம் சத்தம் போடுவோம். அக்கா பொறுக்க முடியாமல் தட்டட்டும். ஒரு தட்டு விழுந்தால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படியாகத்தான் உஷ் சார் ஸ்பீக்கர் வாங்கினார்.

கடைக்குப் போனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று போன் திரையிலேயே அழுத்தி வரவழைத்தார். இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டி, ரேடியோவும் உள்ளேயே. இரண்டையும் சுவரைப் பார்த்துத் திருப்பி, பெட்டியின் முகம் சுவரில் ஒட்டும்படி வைத்தார். காலை பதினோரு மணிக்கு ரேடியோவில் முட்டி வலி டாக்டர் பேசுவார். அதைத் தேர்ந்தெடுத்தது அக்காவின் முட்டிக்காக என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்யூம் திருகைப் பத்துவரை கொண்டுபோனார்.

டாக்டர் ஏதோ ரகசியம் சொல்கிறவர் மாதிரி முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்புக்கு உஷ் சாரே ஓர் உஷ் சொல்லியிருக்க மாட்டார்.

புகார் எண்ணுக்குப் போன் போட்டார்.

“வணக்கம் சார், சொல்லுங்க.”

சொன்னார்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

இருந்தார். சொல்லிக்கொண்டும் இருந்தார்.

“சார், கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன்.”

அவரிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “சத்தம் பத்தலம்மா,” என்றார்.

“உங்களுக்கா சார், ஸ்பீக்கருக்கா?”

“ஸ்பீக்கருக்கு. ஆறுல ஆரம்பிக்குது, பத்துல முடிஞ்சுடுது. ஆறுக்கு முன்னாடி இருக்கற அஞ்சையும் காணோம்.”

“அஞ்சு அயிட்டம் காணோம். நோட் பண்ணிக்கிட்டேன் சார்.”

நாலாம் நாள் மெக்கானிக் வந்தான். அடுத்த தெருவில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல்.

“அஞ்சு சாமான் காணோம்னு போட்டிருக்காங்க. எதெது சார் காணோம்?”

உஷ் சாரின் விரல் பழக்க தோஷத்தில் உதட்டருகே போனது. பாதியில் இறக்கிக்கொண்டார். “சுவரோரமா வந்து பேசுப்பா,” என்றார்.

அவன் சுவரோரம் போய்க் குந்தினான். திருகைப் பார்த்தான். கீழே கடைசிவரை இறக்கினால் கோடு ஆறில் நின்றது. மேலே ஏற்றிப் பத்தில் நிறுத்தினான். முணுமுணுப்பு.

“பத்துக்கு மேல திருகிப் பாத்தீங்களா?”

“பத்தோட முடிஞ்சு போச்சே.”

“எழுத்துதான் சார் முடிஞ்சுது. திருகு முடியலையே.”

“எழுத்தே போடாத இடத்துல எதுக்குப்பா திருகணும்?”

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தான். திருகின் மூடியைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கி எடுத்தான்.

“மூடியக் கோணலா மாட்டி அனுப்பிட்டானுங்க. ஆறுன்னு நீங்க பாத்தது பூஜ்யம். பத்துன்னு நெனச்சது நாலு. நாலுல வெச்சுக்கிட்டு நாலு நாளா காதக் குடுத்துட்டிருந்தீங்களா?”

மூடியை நேராக மாட்டி எட்டில் வைத்தான். சரியாகப் பதினோரு மணி. “முட்டியை மடக்காதீர்கள்” என்று டாக்டர் போட்ட போடில் அப்பாவின் படம் ஆணியில் ஆடியது.

“யாருக்கு சார் முட்டி வலி?” என்று கத்தினான் மெக்கானிக்.

உஷ் சார் சுவரைக் காட்டினார். சுவருக்கு வலி என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினான்.

சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அதிர்ந்தது. ஆனால் அது இவர் பக்கத்து அதிர்வு. தட்டு விழவில்லை.

மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் பத்து. மூடி நேராக இருந்ததால் நிஜமான பத்து. ஜன்னல் கதவு நாலும் நடுங்கின, அக்காவின் இரண்டும் சேர்த்து. டாக்டர், நாற்காலியில் உட்கார்ந்தே செய்யக்கூடிய பயிற்சியை நாளைக்குச் சொல்கிறேன் என்று முழங்கிவிட்டு விடைபெற்றார். தட்டு விழவில்லை. அக்கா வீட்டில்தான் இருந்தாள். செருப்பு வாசலில் கிடந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டினால் அதுவும் அவள் சத்தம்தானே? கூரையே இடிந்து விழுந்தாலும் அக்கா தட்டப் போவதில்லை. தட்டில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்தது. குழாய் சொட்டியது.

நாலாம் நாள் காலை ஒயரைச் சுற்றி, ஸ்பீக்கர் இரண்டையும் அதனதன் அட்டைப்பெட்டிக்குள் இறக்கினார். வந்த மாதிரியே மடித்து ஒட்டினார். பதினொன்று அடித்தது. பதினொன்று ஐந்து. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல், மறுபடி உட்கார்ந்தார்.

டொக், டொக், டொக்.

எழுந்து நின்றார். வீட்டில் குறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. குழாயையா சொல்கிறாள்?

“செத்துட்டியாடா?” என்றது சுவர்.

“இல்லக்கா.”

“என்னது?”

“இல்ல.”

“கேக்கல. வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்.” நாற்காலி கிறீச்சிட்டது. “நாற்காலிப் பயிற்சி சொல்றேன்னு நேத்து அந்த டாக்டர் அவ்ளோ அடிச்சுக்கிட்டாரு. காலை நீட்டிக்கிட்டுப் பத்தே முக்கால்லேர்ந்து உக்காந்திருக்கேன். அந்தப் பொட்டிக்கு என்னடா கேடு?”

சுவர்ப் பக்கம் இரண்டடி நெருங்கினார். “மூட்ட கட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“நீ தட்டல.”

“நல்லாக் கேட்டுட்டிருக்கறப்ப எதுக்குத் தட்டணும்?”

விஷமமா பயமா என்று அவருக்கே தெரியாத ஒரு குரலில் கேட்டார்: “இப்பத் தட்டிட்டியே. சத்தம் கேட்டா அக்கா இல்லைன்னியே.”

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. சுவரோடு சுவராக நின்றார்.

“மூணு வருஷமா நீ அக்கான்னு கூப்டவும் இல்ல,” என்றாள். “இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. சிரிச்சாலும் ஆகாது, இருமினாலும் ஆகாது. சத்தமே கூடாதுன்னு சொன்னவன் நீதானேடா?”

உஷ் சார் சுவரில் வாயை வைத்தார். தொண்டையில் எழுத்துப் போடாத ஓர் இடம் இருந்தது. முதல் தடவையாக அங்கே திருகினார். தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்.

“முப்பத்து நாலு வருஷம் ஊரையே உஷ்ஷு உஷ்ஷுன்னேன், ஒருத்தன் கேக்கல, நீ ஒருத்திதான் கேட்ட, அதுவும் நீ சிரிச்ச அன்னிக்கு, கேக்கவே கூடாத அன்னிக்கு. போதும்க்கா, அந்தக் காது ஒயரப் புடுங்கிப் போட்டுட்டு டிவியப் போடு, சிரி, இனிமே நான் தட்ட மாட்டேன்.”