பின்சீட்டுக்கு இடம் விட்டு

"அங்கிள், ஏன் டேங்க் மேல ஏறி உட்கார்றீங்க? பின்னாடி தள்ளுங்க!"

மோட்டார் சைக்கிள் பயிற்சி மையத்தில் முதல் நாளே நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இது. திட்டியவர் என் பயிற்சியாளர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். எனக்கு நாற்பத்து மூன்று. 'அங்கிள்' என்றதிலேயே பாதி மானம் போயிற்று. மீதி, கூட நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்ததில் போயிற்று.

இத்தனைக்கும் வண்டி எனக்குப் புதிதில்லை. திருச்சியில் பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். சிங்கப்பூருக்கு வந்த ஆறு வருடத்தில் ஊர் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சோம்பல், வேறென்ன. அதனால் இங்கே அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு, யார் யாரோ வியர்த்து ஊறிய ஹெல்மெட், முதுகில் எண் போட்ட சட்டை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கே ஒரு பாடம். எரிச்சல் எனக்கு மூக்கு நுனியில் நின்றது.

எதற்கு இந்தப் பாடு என்றால், என் மனைவி வருவதாக இருந்தது. அவள் திருச்சியில் பள்ளி ஆசிரியை. குடும்பத்தை அழைத்துக்கொள்ளக்கூடிய பாஸ் எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. "பையன் பிளஸ் டூ முடிச்சு ஹாஸ்டலுக்குப் போகட்டும்ங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு பஸ் ஏறினாலே குமட்டும். இந்த ஊரில் கார் வாங்குவது நம்மால் ஆகிற காரியமா? அதனால் மோட்டார் சைக்கிள்.

'வந்துடறேன்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். பிடோக்கில் ஒரு சீனத் தம்பதியின் வீட்டில் எனக்கு வாடகை அறை. நல்லவர்கள்தான், ஆனால் சமைக்கக்கூடாது. ரைஸ் குக்கர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். லோயாங்கில் விமான உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற வேலை. அங்கே தமிழ் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போவேன். முடிந்ததும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். நான் அறிவிப்புப் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு லிட்டில் இந்தியாவுக்கு பஸ் ஏறுவேன். அங்கே கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராகப் புல்தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே குடும்பம், இங்கே கூட்டாளிகள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. சாப்பாட்டுக் கடையில் எதிர் நாற்காலியில் யாரும் வந்து உட்காராதபடி என் பையை வைப்பேன். யாராவது உட்கார மாட்டார்களா என்றும் இருக்கும்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடை இருந்தது. லைசென்ஸ் கிடைப்பதற்கு முன்பே சனிக்கிழமைதோறும் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். கடைக்காரர் உள்ளூர்த் தமிழர், என் வயதுதான். இந்த ஊரில் வண்டிக்குப் பத்து வருடம் ஆயுள். அதன்பிறகு மேலும் பணம் கட்டினால்தான் ஓட்டலாம். அதனால் பழைய வண்டி வாங்குகிறவன் மைலேஜ் கேட்பதற்கு முன்னால், இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்றுதான் கேட்பான்.

"நீங்க எத்தனை வருஷம் இங்க இருப்பீங்கண்ணே? அதுக்கு ஏத்த மாதிரி பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

நான் உடனே போனில் வீடியோ போட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து இங்கே எத்தனை வருடம் இருப்பாளோ, அத்தனை வருடம்தானே நானும். கடையிலிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு கறுப்பு வண்டியைப் பார்த்ததும், "இதுங்க, இதுதான். சீட்டு நல்லா பெஞ்சு மாதிரி நீளமா இருக்கு. பின்னாடி பிடிச்சுக்கக் கம்பியும் இருக்கு" என்றாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணி, இங்க ஒரு பக்கமா உட்காரக் கூடாது. ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காரணும். இல்லன்னா போலீஸ் சம்மன் லா" என்றார், இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு சேர்க்கும் 'லா'வோடு.

"ஐயையோ, அப்போ சேலை கட்ட முடியாதா?" அவள் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. "சுடிதார் நாலு தைக்கக் குடுத்துடறேன்ங்க."

அந்தக் கறுப்பு வண்டியில் ஆறு வருடம் மிச்சமிருந்தது. லைசென்ஸ் வரும்வரை வைத்திருங்கள் என்று கடைக்காரரிடம் கெஞ்சிவிட்டு வந்தேன்.

பயிற்சியில் எட்டு போடுவது, வளைவில் நெளிவது எல்லாம் வந்துவிட்டது. ஒடுக்கமான பலகை மட்டும் வரவில்லை. ஒரு சாண் அகலப் பலகை. அதன்மேல் மெதுவாக ஓட்ட வேண்டும், சக்கரம் இறங்கினால் பரீட்சையில் அங்கேயே ஃபெயில். நான் ஒவ்வொரு முறையும் பாதியில் இறங்கினேன். காரணம் என் உட்காரும் லட்சணம். திருச்சியில் எப்போதும் எனக்குப் பின்னால் பையன், அவனுக்குப் பின்னால் அவள், அவள் மடியில் காய்கறிப் பை. எல்லோருக்கும் இடம் விட்டு விட்டு டேங்கோடு ஒட்டி உட்கார்ந்தே எனக்குப் பழகிவிட்டது. வண்டியில் ஏறியதும் உடம்பு தானாக முன்னால் போய்விடும். முழங்கை மடங்கிக்கொள்ளும். கைப்பிடி எப்படித் திரும்பும்? பயிற்சியாளருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று.

பையன் ஹாஸ்டலுக்குப் போன அதே வாரம், ஒரு மாலை, அவள் போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"என்னை ஸ்கூல்ல ஹெச்.எம். ஆக்கிட்டாங்கங்க. மூணு வாரமாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வாழ்த்துகள்" என்றேன். அசடு மாதிரி.

"இருபது வருஷம் கழிச்சுக் கிடைச்சது. விட்டுட்டு வந்து நான் அங்க என்ன செய்யட்டும், சொல்லுங்க. ரைஸ் குக்கர்ல சோறு வச்சுட்டு, நீங்க எப்போ வருவீங்கன்னு கதவைப் பார்த்துட்டு இருக்கட்டுமா? நான் வரலைங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தப்பு இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "சரி" என்று வைத்துவிட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. கழுவி வைத்த தட்டையே எடுத்துத் திரும்பக் கழுவினேன்.

மறுநாள் பயிற்சி. பலகை முன்னால் வண்டியை நிறுத்தினேன். வழக்கம்போல டேங்க்மேல் ஏறியிருப்பேன் போல. பயிற்சியாளர் அருகில் வந்தார். அன்று கத்தவில்லை. பின்சீட்டை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

"அங்கிள், பாருங்க. பின்னாடி யாரும் இல்ல. யாருக்கு இடம் விடுறீங்க?"

அவருக்கு என்ன தெரியும், பாவம். ஹெல்மெட்டுக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். உள்ளே மூச்சுப் பட்டு அது பனிபிடித்தது. பிறகு பின்னால் தள்ளி, வண்டிக்கு நடுவில், ஒற்றை ஆளாக உட்கார்ந்தேன். கை நீண்டது. பலகைமேல் ஏறி, கடைசிவரை ஓட்டி இறங்கினேன்.

"ஆஹா! இப்படித்தான் லா!" என்று பயிற்சியாளர் கைதட்டினார். எனக்கு சந்தோஷமே இல்லை.

பரீட்சையிலும் அப்படியே உட்கார்ந்து பாஸானேன். யாரிடம் சொல்வது? வீட்டுக்கு எதிரிலிருந்த கடையில் கோப்பி கலக்கும் சீன அம்மாவிடம் சொன்னேன். "குட் லா அங்கிள், கேர்ஃபுல் ஆ" என்றார். அதுவே பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை வண்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கறுப்பு வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு சிவப்பு வண்டி இருந்தது. ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒழுங்கான இருக்கை, பின்னால் பெயருக்கு ஒரு சின்ன மெத்தை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. மூன்று வருடம் மிச்சம்.

"இது போதும்" என்றேன்.

"என்னண்ணே, அண்ணி வரலையா?"

"வரல."

அதை ஒரு மனிதரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கறுப்பு வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, காகிதங்களை எடுத்துவந்தார்.

பதிவு வேலையெல்லாம் முடிந்து அடுத்த ஞாயிறு வண்டி கைக்கு வந்தது. முன்னாலும் பின்னாலும் புது ஓட்டிக்கான ஆரஞ்சு அட்டை. சிராங்கூன் சாலை சிவப்பு விளக்கில் நின்றபோது சுற்றிலும் பேச்சு, சிரிப்பு, மல்லிகை, பிரியாணி. நான் முதுகை நிமிர்த்தி, தள்ளி உட்கார்ந்திருந்தேன். பிடோக் வரை ஒழுங்காக அப்படியே ஓட்டினேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன்; கொஞ்சம் உறைக்கட்டும் என்றும்தான். லிஃப்டுக்குள் போவதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்னங்க இது, சீட்டு இத்துனூண்டு இருக்கு? லீவுக்கு வந்தா நான் எங்க உட்கார்றது?"

லிஃப்ட் கதவு மூடித் திறந்து, மறுபடி மூடியது. நான் ஏறவில்லை. வரவே மாட்டேன் என்றா சொன்னாள்? வேலையை விட்டு வரமாட்டேன் என்றாள். மிச்சத்தை என் கோபம் சேர்த்துக்கொண்டது. வண்டியிடம் திரும்பிப் போய்ப் பின் மெத்தையைக் கையால் அளந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். ஏறி உட்கார்ந்து, டேங்க்வரை நகர்ந்து பார்த்தேன்.

"நீ வா. நான் முன்னாடி நகர்ந்து உட்கார்ந்துக்குறேன்" என்று எழுதி அனுப்பினேன்.